கோப்பில் இல்லாத வரி

மரபணுப் பரிசோதனை அறிக்கைகளில் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கும் வாக்கியம் ஒன்று: "இந்த மரபணுவில் பிறழ்வு எதுவும் கண்டறியப்படவில்லை." படிக்கிற மருத்துவர் இதைத் தேடிப் பார்த்தார்கள், இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்த வாக்கியம் பெரும்பாலும் நிற்பது, விசிஎஃப் கோப்பில், அதாவது கண்டறிந்த மாற்றங்களை இடவாரியாக எழுதும் பட்டியலில், அந்த இடத்துக்கு ஒரு வரி இல்லை என்பதன் மேல் மட்டுமே. வரி இல்லாமல் போவதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். அங்கே போதுமான ரீட்கள் (இயந்திரம் வாசித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகள்) வந்து விழுந்து, எல்லாமே ரெஃபரன்ஸோடு, அதாவது ஒப்பிடப் பயன்படும் பொது ஜீனோம் வரிசையோடு, ஒத்துப்போயிருக்கலாம். அல்லது அந்த இடத்தைப் பற்றிப் பேசத் தகுதியான ரீட் ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். சாதாரண விசிஎஃப் இரண்டுக்கும் ஒரே மாதிரி மௌனமாக இருக்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் இத்துறையில் யாருமில்லை. தெரிந்தும் பைப்லைனில், அதாவது ரீட்களிலிருந்து அறிக்கை வரை ஓடும் மென்பொருள் வரிசையில், அதைக் காட்ட இடம் வைக்காமல் விட்டிருக்கிறோம் என்பதுதான் என் வழக்கு. அதற்கு யூ2ஏஎஃப்1 மரபணுவைவிட நல்ல சாட்சி கிடையாது.

எலும்பு மஜ்ஜை நோயான எம்டிஎஸ்ஸில் ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேலை) மரபணுக்கள் பிறழ்கின்றன என்பது 2011இல் வெளிவந்த ஆய்வுகளால் தெளிவானது. அவற்றில் ஒன்று யூ2ஏஎஃப்1. இதில் பிறழ்வுகள் சிதறி வராது, இரண்டே இடங்களில் குவியும்: இரண்டாம் எக்ஸானில் (மரபணுவின் ஒரு துண்டு) 34ஆம் அமினோ அமிலமான செரின், ஆறாம் எக்ஸானில் 157ஆம் குளூட்டமின். எஸ்34எஃப் என்றால் செரின் ஃபினைல்அலனின் ஆவது. மரபணு எதிர் இழையில் இருப்பதால், மரபணு மொழியில் சி என்ற எழுத்து டி ஆவது, கோப்பில் ஜி என்ற எழுத்து ஏ ஆவதாகத் தெரியும். ரெஃபரன்ஸின் பழைய பதிப்பான ஜிஆர்சிஎச்37இல் 21ஆம் குரோமோசோமின் 44,524,456ஆம் இடம், புதிய பதிப்பான ஜிஆர்சிஎச்38இல் 43,104,346. ரத்தப் புற்றுநோய்க்கான எந்தப் பேனலை (தேர்ந்த மரபணுக்களை மட்டும் பார்க்கும் பரிசோதனை) எடுத்தாலும் இந்த இடம் இருக்கும். பழைய ரெஃபரன்ஸில் இதைக் கண்டுபிடிப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. புதியதற்கு மாறியவுடன், அதே மாதிரி, அதே ஃபாஸ்ட்க்யூ (ரீட்களின் கோப்பு), அதே காலர் (மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் நிரல்), ஆனால் பிறழ்வு மட்டும் காணாமல் போகும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. 2022இல் மூலக்கூறு நோயறிதல் இதழ் ஒன்றில் இந்த ஒரு மரபணுவுக்காகவே ஒரு கட்டுரை வர வேண்டியிருந்தது. ஜிஆர்சிஎச்38 வெளியானதோ 2013 டிசம்பரில்.

காரணம் 21ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. ஜிஆர்சிஎச்38இல் அந்தப் பகுதியில் புதிதாகச் சேர்க்கப்பட்ட வரிசைகளில், நெட்டைக் கையின் ஒரு துண்டு இன்னொரு முறை உட்கார்ந்துவிட்டது. சிபிஎஸ், யூ2ஏஎஃப்1, கிரையா ஆகிய மூன்றும் உண்மையில் 43 மில்லியனுக்கு அருகில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அவற்றின் நகல்கள் 6.4 முதல் 6.6 மில்லியன் வரையிலான பகுதியில் சிபிஎஸ்எல், யூ2ஏஎஃப்1எல்5, கிரையா2 என்று தனிப் பெயர்களோடு நிற்கின்றன. கேசிஎன்இ1 மரபணுவுக்கும் 7.8 மில்லியன் பக்கம் இப்படி ஒரு நகல் உண்டு. மனித உடலில் இவை இரண்டு இல்லை. வாக்காளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு வார்டுகளில் பதிவானதுபோல, ரெஃபரன்ஸில் மட்டுமே இரண்டு. சிபிஎஸ் கெட்டால் ஹோமோசிஸ்டினூரியா, கிரையா கெட்டால் பிறவிக் கண்புரை, கேசிஎன்இ1 கெட்டால் இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளி நீளும் நோய். ஏதோ மூலையில் கிடக்கும் மரபணுக்கள் என்று தள்ளிவிட முடியாது.

மேப்க்யூ பூஜ்யத்தில் நடப்பது

பிடபிள்யூஏ-மெம் என்ற நிரல் ஒரு ரீடை ரெஃபரன்ஸில் பொருத்தும்போது, சிறந்த இடத்துக்கும் அடுத்த சிறந்த இடத்துக்கும் மதிப்பெண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறது. விலகல் நிறைய இருந்தால் மேப்க்யூ, அதாவது பொருத்தத்தின் தர எண், 60. இரண்டும் சமம் என்றால் ஏதாவது ஒன்றில் சீரற்ற முறையில் போட்டுவிட்டு மேப்க்யூ 0 என்று எழுதிவிடும். இந்த எண்ணின் பொருள் எளிது: இடம் தவறாக இருக்கும் நிகழ்தகவின் மடக்கையை மைனஸ் பத்தால் பெருக்கியது. 20 என்றால் நூற்றில் ஒரு வாய்ப்பு தவறு. இரண்டு சம இடங்கள் என்றால் பாதிக்குப் பாதி, கணக்குப்படி 3 வரும். ஆர்என்ஏ ரீட்களைப் பொருத்தும் ஸ்டார் என்ற கருவி அந்த 3ஐயே எழுதும். பிடபிள்யூஏ பூஜ்யம் போடும். எதுவானாலும் காலரின் வாசலைத் தாண்டாது. ஜிஏடிகேயின் ஹாப்லோடைப்காலர் இயல்பாக 20க்குக் கீழ் உள்ளதை எல்லாம் ஒதுக்கிவிடுகிறது. டீப்வேரியன்ட் என்ற இன்னொரு காலரின் வாசல் 5. போகிறபோக்கில் ஒன்று: மேப்க்யூவின் உச்சம் பொருத்தும் கருவிக்குக் கருவி வேறு. போடை2இல் 42, பிடபிள்யூஏவிலும் மினிமேப்2இலும் 60, ஸ்டாரில் தனித்த பொருத்தத்துக்கு 255. ஒரே வடிகட்டி எண்ணை எல்லாவற்றுக்கும் ஒட்டி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம்.

யூ2ஏஎஃப்1இலிருந்து வந்த ரீட்களில் ஏறக்குறையப் பாதி நெட்டைக் கைக்கும் பாதி குட்டைக் கைக்கும் போகின்றன. இரண்டு இடத்திலும் மேப்க்யூ 0. காலர் இரண்டையும் தொடுவதில்லை. ஒரே துண்டின் இரு முனைகளையும் வாசித்த ஜோடி ரீட்களாக இருந்தாலும் காப்பாற்றாது, ஏனெனில் நகல் துண்டு ஒரு ஜோடியின் நீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஜோடி மொத்தமாகவே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். நீள ரீட்களும் நகலின் எல்லையைத் தாண்டினால்தான் பிழைக்கும். இரண்டு நகல்களுக்கும் இடையே ஓரிரு எழுத்து வேறுபாடு இருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் கோணலாகும். நோயாளியிடம் உள்ள மாற்றம் தற்செயலாகப் பொய் நகலில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போனால், அந்த ரீட்கள் நல்ல மேப்க்யூவோடு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே அது மாற்றமே அல்ல, ரெஃபரன்ஸ். இங்கே மிஞ்சியிருப்பதும் ரெஃபரன்ஸ். ஹெட்டிரோசைகஸ் மாற்றம் (இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ளது) ஒன்று இரண்டு இடத்திலும் சுத்தமாக மறைந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ரீட்கள் சீரற்ற முறையில் பிரிவதால், பிறழ்ந்த ரீட்களும் இயல்பானவையும் ஒரே விகிதத்தில்தான் பிரிகின்றன. எனவே வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அலீல் விகிதம் (பிறழ்ந்த ரீட்களின் பங்கு) ஏறக்குறைய மாறாமல் தெரியும், ஆழம்தான், அதாவது ஓரிடத்தில் விழும் ரீட்களின் எண்ணிக்கைதான், பாதியாகும். 500 மடங்கு ஆழத்தில் 5 சதவீதப் பிறழ்வு என்றால் 25 ரீட்கள். பாதியான பின் 12 அல்லது 13. சிறிய குளோனை, அதாவது பிறழ்வு கொண்ட சிறு செல் கூட்டத்தை, தேடும் பரிசோதனையில் இந்த வித்தியாசம் முக்கியம். பிசிஆர் நகல்களைக் குறியிடுவதும் கெடுகிறது: ஒரே மூலக்கூறின் இரு நகல்களில் ஒன்று இங்கேயும் மற்றது அங்கேயும் விழுந்தால், இரண்டும் வெவ்வேறு ஆயத்தொலைவில் இருப்பதால் டூப்ளிகேட் என்று யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆழ அறிக்கை எப்படி ஏமாற்றுகிறது

இங்கேதான் என் கோபம் ரெஃபரன்ஸை விட்டுப் பைப்லைன் மேல் திரும்புகிறது. ரெஃபரன்ஸில் தவறு இருக்கும். பலருடைய குளோன்களை ஒட்டித் தைத்த ஒன்றில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ஒவ்வொரு ஆய்வகமும் மாதிரியோடு ஒரு கவரேஜ் (ஆழ) அறிக்கையும் தயாரிக்கிறது. அது ஏன் கத்தவில்லை? ஏனென்றால் அதைப் பெரும்பாலும் மேப்க்யூ வடிகட்டி இல்லாமல் கணக்கிடுகிறார்கள். பேனலில் 500 மடங்கு வர வேண்டிய எக்ஸான் 250 என்று காட்டும். குறைந்தபட்ச வரம்பு 100 என்று வைத்திருப்பவருக்கு அது பச்சை விளக்கு. முழு ஜீனோமில் 30க்குப் பதில் 15, வரம்பு 10 என்றால் அதுவும் பச்சை. காலர் கண்ணில் ஆழம் பூஜ்யம், அறிக்கையில் 250. காலர் எதைக் கொண்டு முடிவெடுத்ததோ அதே ரீட்களை எண்ணாத கவரேஜ் அறிக்கையை அச்சடிக்காமலே இருக்கலாம்.

கருவிகளும் இதில் சதி செய்கின்றன. பொருத்திய ரீட்களைக் கையாளும் சாம்டூல்ஸின் வியூ கட்டளையில் சிறிய க்யூ விருப்பம் (-q) என்றால் மேப்க்யூ. எம்பைலப்பிலும் கவரேஜ் கட்டளையிலும் சிறிய க்யூ மேப்க்யூ, பெரிய க்யூ (-Q) எழுத்தின் தரம். டெப்த் கட்டளையில் மட்டும் தலைகீழ்: சிறிய க்யூ எழுத்தின் தரம், பெரிய க்யூ மேப்க்யூ. பழக்கதோஷத்தில் டெப்த் கட்டளைக்குச் சிறிய க்யூவோடு 20 என்று கொடுத்தவர், மேப்க்யூவை வடிகட்டிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார், நடந்தது வேறு. ஆழம் எண்ணும் மாஸ்டெப்த் கருவியைப் பயன்படுத்துபவர்கள் பெரிய க்யூவோடு 20 கொடுத்து, எக்ஸான்களின் பெட் கோப்பையும் (இடங்களின் பட்டியல்) சேர்த்து, இன்னொரு முறை வடிகட்டி இல்லாமலும் ஓட்டுங்கள். இரண்டு எண்களையும் எக்ஸான் வாரியாக அருகருகே வையுங்கள். வடிகட்டியபின் பாதிக்கும் மேல் விழும் எக்ஸான்களின் பட்டியலே உங்கள் பேனலின் குருட்டுப் பகுதி. ஜிஏடிகேயின் மூன்றாம் பதிப்பில் கால்லபிள்லோசை என்ற கருவி ஒவ்வொரு இடத்தையும் கால் செய்யத்தக்கது, ரீட் இல்லை, ஆழம் குறைவு, பொருத்தம் மோசம் என்று வகை பிரித்துத் தரும். அந்தக் கடைசி வகையைத் தனியாகச் சொன்னதற்காகவே அதைப் பாராட்டலாம்.

கண்ணால் பார்க்க ஐஜிவி என்ற காட்சி மென்பொருள் போதும். மேப்க்யூ பூஜ்யமான ரீட்கள் நிறம் நிரம்பாத வெற்றுப் பட்டைகளாகத் தெரியும். ஜிஆர்சிஎச்38இல் பொருத்திய எந்த பேம் கோப்பிலும் (பொருத்திய ரீட்களின் கோப்பு) யூ2ஏஎஃப்1ஐத் திறந்தால் வெளிறிய பட்டைகள் அடுக்கடுக்காக நிற்பதைக் காணலாம். மேலே உள்ள ஆழப் படம் மட்டும் கொழுகொழுவென்று இருக்கும்.

ஆர்என்ஏ பக்கமும் தப்பவில்லை. மரபணு வாரியாக ரீட்களை எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸும் எச்டிசெக்கும் இயல்பாகவே பல இடங்களில் பொருந்தும் ரீட்களை எண்ணுவதில்லை. ஸ்டாரின் மரபணு எண்ணிக்கையும் தனித்தவற்றை மட்டுமே எண்ணும். ஆகவே எண்ணிக்கை அட்டவணையில் சிபிஎஸ்ஸும் யூ2ஏஎஃப்1உம் வெளிப்பாடே இல்லாதவைபோலக் கிடக்கும். சால்மன், கல்லிஸ்டோ போன்றவை ரீட்களைப் பகிர்ந்து கொடுக்கும், அங்கே உண்மையான மரபணுவுக்குப் பாதி, பொய் நகலுக்குப் பாதி போகும். கல்லீரல் மாதிரியில் சிபிஎஸ் காணவில்லை என்றால் உயிரியல் விளக்கம் தேடும் முன் குட்டைக் கையைப் பாருங்கள்.

சரிசெய்யும் வழி

நல்ல செய்தி, இது எளிதாகத் தீரும். பொய் நகல் இருக்கும் பகுதியை 'N' எழுத்துகளால் (எழுத்து தெரியாது என்பதன் குறி) நிரப்பி மறைத்துவிட்டால் ரீட்களுக்குப் போக ஒரே இடம்தான். ரெஃபரன்ஸைப் பராமரிக்கும் ஜிஆர்சி அமைப்பே விலக்க வேண்டிய பகுதிகளின் பெட் கோப்பை வெளியிட்டிருக்கிறது. ஜீனோம் இன் எ பாட்டில் குழு 2022இல் மருத்துவ முக்கியத்துவமுள்ள 273 மரபணுக்களுக்கு அளவுகோல் வெளியிட்டபோது, இப்படி மறைத்தால் மாற்றங்கள் பிடிபடும் விகிதம் 8 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை உயரலாம் என்று காட்டியது. மறைத்த ரெஃபரன்ஸையும் அவர்களே ஆயத்தமாகத் தருகிறார்கள். மறைப்பதால் குரோமோசோமின் நீளம் மாறுவதில்லை, எனவே ஆயத்தொலைவுகள், பேனல் கோப்புகள், குறிப்புரைகள் எதையும் தொட வேண்டாம்.

நீங்களே செய்வதானால் பெட்டூல்ஸின் மாஸ்க்ஃபாஸ்டா கட்டளைக்கு ஃபாஸ்டாவையும் (ரெஃபரன்ஸ் வரிசைக் கோப்பு) பெட் கோப்பையும் கொடுங்கள். வெளிவரும் கோப்புக்கு ஃபெய்டெக்ஸ், டிக்‌ஷனரி, பிடபிள்யூஏ இன்டெக்ஸ் மூன்றையும் புதிதாக உருவாக்குங்கள். பழைய இன்டெக்ஸை அதே பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு, புது ஃபாஸ்டாவில் பொருத்துவதாக நினைத்துக்கொள்வது வழக்கமான விபத்து. பிடபிள்யூஏ பொருத்தும்போது பார்ப்பது இன்டெக்ஸைத்தான், ஃபாஸ்டாவை அல்ல. இன்னொரு பொறி கிராம் கோப்புகள், அதாவது ரெஃபரன்ஸை வைத்துச் சுருக்கி எழுதிய பொருத்தக் கோப்புகள். 21ஆம் குரோமோசோமின் நீளம் அதேதான், ஆனால் எம்டி5 கையொப்பம் மாறிவிடும். மறைக்காத ரெஃபரன்ஸில் எழுதிய கிராமைத் திறக்க மறைக்காத ரெஃபரன்ஸே வேண்டும். இரண்டு ஃபாஸ்டாக்களையும் பெயரிலேயே வேறுபாடு தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாதிரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி பொருத்தத் தேவையில்லை. மரபணு, பொய் நகல் இரண்டின் பகுதிகளையும் இரு பக்கமும் சில ஆயிரம் எழுத்துகள் கூட்டி ஒரு பெட் கோப்பாக்கி, சாம்டூல்ஸ் வியூவில் பெரிய பி (-P) விருப்பத்தோடு எடுங்கள். ஜோடி ரீட் வேறெங்காவது இருந்தாலும் சேர்ந்து வரும். கொலேட் செய்து (ஜோடிகளை அருகருகே அடுக்கி), ஃபாஸ்ட்க்யூவாக்கி, பழைய ரீட் குரூப் வரியை அப்படியே கொடுத்து, மறைத்த முழு ரெஃபரன்ஸில் பொருத்துங்கள். 21ஆம் குரோமோசோமை மட்டும் தனியாக வைத்துப் பொருத்தாதீர்கள். வேறு குரோமோசோமுக்குப் போயிருக்க வேண்டிய ரீட்கள் போக்கிடமின்றி இங்கே ஒட்டிக்கொள்ளும். வரிசைப்படுத்தியபின் டூப்ளிகேட்களை மறுபடி குறியிட வேண்டும். முன்பு இரு இடங்களில் பிரிந்து கிடந்த இரட்டையர்கள் இப்போதுதான் ஒன்றாக வருவார்கள். இந்தப் படிகளையே சுருக்கி, இருக்கும் கோப்பிலிருந்து சில நிமிடங்களில் செய்யும் ஃபிக்ஸ்இட்ஃபீலிக்ஸ் என்ற கருவி 2023இல் வந்தது. அவர்கள் கணக்கில் ஜிஆர்சிஎச்38இன் பொய் இரட்டிப்பு 1.2 மெகாபேஸ். அதற்கு எதிர்த் தவறாக, உண்மையில் பலவாக இருப்பதை ஒன்றாக அமுக்கிவிட்ட பகுதி 8.04 மெகாபேஸ். இரண்டுமாகப் பாதிப்பது 33 புரத மரபணுக்களை.

எங்கே மறைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஎம்எஸ்2 மரபணுவின் கடைசி எக்ஸான்களுக்கு பிஎம்எஸ்2சிஎல் என்ற உண்மையான போலிமரபணு (வேலை செய்யாத நகல்) உண்டு. அது நம் எல்லோர் உடலிலும் இருக்கிறது. அதை மறைத்தால் அதன் ரீட்கள் எல்லாம் பிஎம்எஸ்2 மேல் குவிந்து, இல்லாத பிறழ்வுகளைக் காட்டும். எஸ்எம்என்1, எஸ்எம்என்2 விஷயமும் அப்படியே. இரண்டும் உண்மை, ஏழாம் எக்ஸானில் 840ஆவது எழுத்து சி-யா டி-யா என்பதுதான் முக்கிய வேறுபாடு. அங்கே தனிக் கருவி, எம்எல்பிஏ (பிரதி எண்ணிக்கையை அளக்கும் ஆய்வக முறை), நீள்வரம்பு பிசிஆர் என்று வேறு வழிகளில் போக வேண்டும். மேப்க்யூ பூஜ்யம் என்ற அறிகுறி இரண்டு நோய்க்கும் ஒன்றுதான், மருந்து வேறு. நடுவில் நிற்பது ஒய் குரோமோசோமின் பார் (PAR) என்ற பகுதி. எக்ஸ்ஸிலும் ஒய்யிலும் அது உண்மையாகவே உண்டு, ஆனால் வரிசை ஒன்றே என்பதால் ஒய்யில் மறைப்பது சரியான வழக்கம். என்சிபிஐ தரும் நோ-ஆல்ட் அனாலிசிஸ் செட் என்ற ரெஃபரன்ஸ் கோப்பில் இது மறைக்கப்பட்டே வரும். மறைக்காத ஃபாஸ்டாவை இறக்கிப் பயன்படுத்தினால் ஷாக்ஸும் சிஆர்எல்எஃப்2உம் யூ2ஏஎஃப்1 போன வழியே போகும். அந்த அனாலிசிஸ் செட்டிலும் யூ2ஏஎஃப்1எல்5 மறைக்கப்படவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

மௌனம் எப்படி விடையாகிறது

இந்த மௌனம் ஒரு மாதிரியோடு நின்றால் பரவாயில்லை. பிசிஎஃப்டூல்ஸ் மெர்ஜ் கட்டளையில் பூஜ்யம் (-0) என்றொரு விருப்பம் இருக்கிறது. பல விசிஎஃப்களைச் சேர்க்கும்போது, ஒரு மாதிரியில் இல்லாத வரியை ரெஃபரன்ஸ் என்றே நிரப்பிவிடும். 'தெரியாது' என்பதைக் குறிக்கும் புள்ளிகள் நிறைந்த அட்டவணை கண்ணுக்குப் பிடிக்காமல் இதைப் போடுபவர்கள் உண்டு. பார்க்க முடியாத இடம் அந்த ஒரு விருப்பத்தால் பார்த்துச் சொன்ன விடையாக மாறி, அப்படியே அலீல் அதிர்வெண் கணக்குக்குள் போய்விடுகிறது. ஜிவிசிஎஃப் வைத்திருந்தால் இதற்கு அவசியமே இல்லை. அதில் மாற்றமில்லாத பகுதியும் ஆழத்தோடும் ஜெனோடைப் தரத்தோடும் எழுதப்பட்டிருக்கும், யூ2ஏஎஃப்1 வரும் இடத்தில் இரண்டும் பூஜ்யம் என்று நிற்கும். ஆனால் அதிலிருந்து இறுதி விசிஎஃப் எடுக்கும்போது அந்த இடம் புள்ளியாக வருமா ரெஃபரன்ஸாக வருமா என்பது ஜிஏடிகேயின் பதிப்பைப் பொறுத்தது. ஜெனோடைப்பை மட்டும் படித்து, தரத்தைப் படிக்காத ஸ்கிரிப்ட் எதையும் நம்பக் கூடாது.

மக்கள்தொகை அட்டவணைகளுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு மாற்றம் நோமாட் போன்ற மக்கள்தொகைத் தரவுத்தளங்களில் இல்லை என்பது, மாற்றங்களை வகைப்படுத்தும் 2015இன் ஏசிஎம்ஜி விதிகளில் நோய்க்கான சான்றாக எண்ணப்படுகிறது. நோமாடின் இரண்டாம் பதிப்பு ஜிஆர்சிஎச்37 மீது கட்டப்பட்டது. மூன்றும் நான்கும் ஜிஆர்சிஎச்38 மீது. சிபிஎஸ் மாற்றம் ஒன்றைப் புதிய பதிப்பில் தேடிக் காணவில்லை என்றால், கவரேஜ் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய பதிப்பிலும் தேடிவிட்டுத்தான் அந்தச் சான்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் 2022இல் முழுமையாக வந்த டி2டி-சிஎச்எம்13 என்ற ரெஃபரன்ஸுக்குப் போய்விடலாமே என்பார்கள். பொய் நகல்கள் அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் மருத்துவ அறிக்கைக்கு வேண்டிய கிளின்வார் (மாற்றங்களின் மருத்துவப் பொருளைத் தொகுக்கும் தரவுத்தளம்), நோமாட், பேனல் வடிவமைப்பு எல்லாம் இன்னும் 37, 38 ஆயத்தொலைவுகளில்தான் பேசுகின்றன. ரெஃபரன்ஸ் மாற்றம்தான் யூ2ஏஎஃப்1ஐ விழுங்கியது. அடுத்த மாற்றம் எதை விழுங்கும் என்று முன்கூட்டிச் சோதிக்காமல் இறங்குவது எனக்கு ஒப்பவில்லை. எந்த ரெஃபரன்ஸுக்கு மாறினாலும், ஏற்கெனவே பிறழ்வு தெரிந்த மாதிரிகளைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, எக்ஸான் வாரியாக மேப்க்யூ 20க்கு மேற்பட்ட ஆழத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது குறைந்தபட்ச வேலை. ஹாட்ஸ்பாட்டுகளில் (பிறழ்வு குவியும் இடங்களில்) காலரின் தீர்ப்போடு நிற்காமல், சாம்டூல்ஸ் எம்பைலப்பில் மேப்க்யூ வாசலைப் பூஜ்யமாக வைத்து எழுத்துகளை நேரடியாக எண்ணி வைப்பதும் நல்லது.

சொந்த மாதிரி கையில் இல்லாதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் எஸ்டியூ குழு, அதாவது பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரிகள், 30 மடங்கு ஆழத்தில் ஜிஆர்சிஎச்38இல் பொருத்தப்பட்ட கிராம்களாகப் பொதுவெளியில் கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் இறக்க வேண்டாம். இன்டெக்ஸ் இருப்பதால் 21ஆம் குரோமோசோமின் 43,092,956 முதல் 43,107,587 வரை மட்டும் இணையம் வழியாகவே எடுக்கலாம். சாம்டூல்ஸ் வியூவில் எண்ணிக்கை விருப்பத்தோடு ஒரு முறை வடிகட்டி இல்லாமலும், ஒரு முறை சிறிய க்யூவோடு 20 கொடுத்தும் ஓட்டுங்கள். பிறகு அதே இரண்டு கட்டளைகளை நகல் எதுவும் இல்லாத வேறொரு மரபணுவுக்கும் ஓட்டி, நான்கு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.